பிளம்ஸ்: ஒரு கைப்பிடி உலர்திராட்சையும் வங்குரோத்தான இரண்டு நாடுகளும்

பெரியநீலாவணையில் ஒரு பலசரக்குக் கடைக்குப் போய் "பிளம்ஸ் நூறு கிராம் தாங்க" என்று கேட்டால், கடைக்காரர் மறுபேச்சில்லாமல் உலர்ந்த திராட்சையை நிறுத்துத் தருவார். மருதமுனையிலும் அப்படித்தான், கல்முனை பசாரிலும் அப்படித்தான். ஆனால் ஆங்கிலப் படப் புத்தகத்தில் பிளம் என்று போட்டிருப்பது வேறொரு பழம்: உருண்டையாக, ஊதா நிறத்தில், நடுவில் ஒரு கொட்டையோடு. "நம்மட ஆக்கள் இங்கிலீசைப் பிழையாப் புடிச்சிட்டாங்க" என்று சிரிக்கிறவர்கள் உண்டு.

உண்மையில் நம்மட ஆக்கள் பிழையாகப் பிடிக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலேயரே புடிங்கிலும் கேக்கிலும் போடுகிற உலர்திராட்சையைப் பிளம் என்றுதான் சொன்னார்கள். அவர்களுடைய பேர்போன நத்தார்ப் பலகாரமான பிளம் புடிங்கில் கொட்டைப் பிளம் கிடையாது. இருப்பதெல்லாம் உலர்திராட்சைதான். பிறகு ஆங்கிலத்தில் அந்தப் பொருள் மெல்லத் தேய்ந்து, புடிங்கின் பெயரிலும் கேக்கின் பெயரிலும் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. இலங்கைத் தமிழ் அதை விடவில்லை. ஆக, கடையில் பிளம்ஸ் கேட்கிற நம்மட உம்மாமார், இங்கிலாந்தில் பழசாகிப்போன ஒரு சொல்லை இன்னும் புழக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

நமக்கு இன்னொரு சொல்லும் இருக்கிறது: முந்திரிகை வத்தல். தமிழ்நாட்டில் முந்திரி என்றால் கஜு. ஆனால் கஜு பிரேசிலிலிருந்து போர்த்துக்கேயர் கொண்டுவந்த மரம். அது வருவதற்கு முன்பிருந்தே முந்திரிகை என்பது திராட்சைக் கொடியைக் குறித்த சொல். மலையாளத்தில் இன்றைக்கும் முந்திரி என்றால் திராட்சைதான். நாம் கஜுவுக்குப் போர்த்துக்கேயர் சொன்ன பெயரையே வைத்துக்கொண்டோம். பாடப்புத்தகத்தில் அதை மரமுந்திரிகை என்று பிரித்துச் சொன்னோம். சிங்களத்தில் உலர்திராட்சைக்கு முத்தரப்பலம் என்று பெயர். முந்திரிகைப் பழம்தான் அப்படி மாறிப் போயிருக்கிறது என்று காது கொடுத்துக் கேட்டாலே விளங்கும்.

ஒரு சின்ன வத்தலுக்கு இத்தனை பெயர் எப்படி வந்தது? அது இங்கே விளையாத பொருள். தூரத்திலிருந்து, கைமாறிக் கைமாறி வந்த பொருள். அப்படி வருகிற ஒன்று கப்பல், வரி, சட்டம், கடன் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டுதான் வரும். இந்தக் கட்டுரை அந்த வழியைத் தேடிப் போகிறது. போகிற வழியெல்லாம் ஒரு கேள்வி கூடவே வரும்: ஒரு பொருள் அத்தியாவசியமா, ஆடம்பரமா என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்?

எது கரண்ட், எது பிளம்ஸ்?

முதலில் சாமான்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம். கடையில் பொதுவாக மூன்று வகை உண்டு. சாதாரண உலர்திராட்சை மண்ணிறத்தில், கொஞ்சம் பெரிதாக இருக்கும். சுல்தானா விதையில்லாத வெள்ளைத் திராட்சையிலிருந்து வருவது, பொன்னிறமாகவோ இளமண்ணிறமாகவோ இருக்கும். மூன்றாவது கரண்ட். மிளகை விடச் சற்றுப் பெரிதாக, கறுப்பாக, விதையே இல்லாமல், இனிப்போடு ஒரு புளிப்பும் சேர்ந்து இருக்கும். கேக் அடிக்கிறவர்களுக்குத்தான் இதை நன்றாகத் தெரியும். கொழும்பிலிருந்து வரும் பொதிகளில் மூன்றும் கலந்தும் கிடைக்கும்.

கரண்ட் என்ற பெயர் கிரேக்க நாட்டிலுள்ள கொரிந்து என்ற நகரத்தின் பெயர். பிரெஞ்சுக்காரர் கொரிந்துத் திராட்சை என்றார்கள், ஆங்கிலேயர் வாயில் கொரிந்து தேய்ந்து கரண்ட் ஆயிற்று. இது கறுப்புக் கொரிந்து என்ற தனி வகைத் திராட்சை. பழமே மிகச் சின்னது. இந்தக் கொடி தானாக நன்றாகக் காய்க்காது. பூக்கும் காலத்தில் அடித்தண்டில் பட்டையை வளையமாகச் சீவிவிட்டால்தான் காய் பிடிக்கும் என்று கிரேக்க விவசாயிகள் கண்டுபிடித்திருந்தார்கள்.

பிறகு ஆங்கிலேயர் தங்கள் குளிர்நாட்டுப் பற்றைகளில் கொத்துக் கொத்தாகக் காய்க்கிற, திராட்சைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சின்னப் பழத்தையும் கரண்ட் என்றே கூப்பிட்டார்கள். பார்வைக்கு இந்த வத்தலைப்போல இருந்ததால் வந்த பெயர். அதுதான் பிளாக்கரண்ட். வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் நோன்பு காலத்தில் கொண்டுவரும் விம்டோ போத்தலில் திராட்சைச் சாறோடும் ராஸ்பெரியோடும் சேர்ந்திருப்பது இந்தப் பிளாக்கரண்ட்தான். 1908ல் மன்செஸ்டரில் தொடங்கிய பானம், அரபு நாடுகளின் நோன்பு திறக்கும் மேசைக்குப் போய், அங்கிருந்து நம்மட வீட்டுக்கும் வருகிறது. பெயர் ஒன்று, பழம் இரண்டு. இந்தக் கட்டுரை வத்தலைப் பற்றியது.

மதீனாவில் அது அரிசியின் இடத்தில் இருந்தது

நோன்புப் பெருநாளுக்கு முந்தின இரவு நம்மட வீடுகளில் பித்ரா அரிசி அளப்பார்கள். வீட்டிலுள்ள ஒவ்வொரு தலைக்கும் ஒரு ஸாஉ. பெருநாளன்று யாரும் பசியோடு இருக்கக்கூடாது என்பதற்காகக் கட்டாயமாக்கப்பட்ட தானம் அது. நபிகள் காலத்தில் என்னென்ன கொடுத்தோம் என்று நபித்தோழர் அபூ ஸஈத் அல்குத்ரி சொன்ன ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் வாற்கோதுமையும் பேரீச்சம்பழமும் பாலாடைக்கட்டியும் வருகின்றன. அவற்றோடு ஸபீப், அதாவது உலர்திராட்சையும் வருகிறது.

இதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஏழைக்கு உணவாகக் கொடுக்கும் பொருள்களில், தானியத்துக்குச் சமமாக, ஒரு ஸாஉ உலர்திராட்சை. நமக்கு நெய்ச்சோற்றுக்கு மேல் தூவுகிற அலங்காரம் அங்கே வயிற்றை நிரப்பும் சாப்பாடு. மக்காவுக்குப் பக்கத்திலுள்ள தாயிப் திராட்சைக்குப் பேர்போன மலையூர். காய்ந்த நாட்டில் பழத்தை வருசம் முழுக்க வைத்திருக்க ஒரே வழி வெயிலில் போட்டு வத்தலாக்குவது. அதனால்தான் திராட்சைக்கான ஸகாத்தையும் உலர்ந்த கணக்கில் மதிப்பிட்டு எடுக்கச் சொல்கிறது பிக்ஹு. இராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, புளிக்கமுன் குடிக்கும் வழக்கமும் அங்கே இருந்தது.

நம்மட ஊரில் பித்ரா அரிசியாகிவிட்டது. ஷாபிஈ மத்ஹபுப்படி அந்தந்த ஊரின் பிரதான உணவைக் கொடுக்க வேண்டும். நெல் விளைகிற அம்பாறைக் கரையில் அது அரிசியைத் தவிர வேறென்னவாக இருக்கும்? சட்டமே இடத்தைப் பார்த்து வளைந்துகொடுத்திருக்கிறது. எது அத்தியாவசியம் என்பது அந்தந்த மண்ணில் வாழ்கிறவர்களின் சோற்றுப் பானையைப் பார்த்துச் சொல்ல வேண்டியது என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1606: ஒரு வியாபாரி வரி கட்ட மறுத்தார்

பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்காரருக்குக் கரண்ட் பைத்தியம் பிடித்திருந்தது என்றே சொல்லலாம். புடிங், கேக், இறைச்சிப் பை எல்லாவற்றிலும் அதுதான். அது விளைந்தது ஸாந்தே, செபலோனியா முதலிய கிரேக்கத் தீவுகளில். அவற்றை ஆண்டது வெனிஸ். ஏற்றுமதிக்கு வெனிஸ் வரி போட்டது, ஆங்கில வியாபாரிகள் கம்பனி அமைத்துப் போட்டிக்கு இறங்கினார்கள். 1592ல் உருவான லெவாண்ட் கம்பனியின் முக்கிய சரக்குகளில் ஒன்று இந்தக் கரண்ட். கிழக்கிந்தியக் கம்பனி பிறப்பதற்கு 8 வருசத்துக்கு முந்தின கதை இது. கிழக்கிந்தியக் கம்பனியைத் தொடங்கியவர்களில் பலர் லெவாண்ட் கம்பனிக்காரர்கள். நம்மை ஆண்டவர்கள் வியாபாரம் படித்த பள்ளிக்கூடம் என்று அதைச் சொல்லலாம்.

மன்னர் முதலாம் ஜேம்ஸ் காலத்தில் கரண்டுக்கு ஏற்கெனவே நாடாளுமன்றம் ஒப்புக்கொண்ட தீர்வை அந்தர் ஒன்றுக்கு 2 சிலிங் 6 பென்ஸ். அதற்கு மேல் மன்னர் தன் பாட்டில் 5 சிலிங் சேர்த்தார். அதாவது இருந்ததைப்போல இரண்டு மடங்கை மேலே வைத்தார். ஜோன் பேட் என்ற வியாபாரி அந்த 5 சிலிங்கைக் கட்ட மறுத்தார். நாடாளுமன்றம் சம்மதிக்காத வரியை மன்னர் எப்படிப் போடலாம் என்பது கேள்வி. 1606ல் வழக்கு நடந்தது. வெளிநாட்டு வியாபாரத்தை ஒழுங்குபடுத்துவது மன்னரின் தனி அதிகாரம், துறைமுகங்கள் மன்னருடைய வாசல்கள் என்ற போக்கில் வாதம் போய், தீர்ப்பு மன்னர் பக்கம் விழுந்தது.

பேட் தோற்றார். ஆனால் அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு மன்னர் 1608ல் இன்னும் பல பொருள்களுக்கு வரி போட, 1610ல் நாடாளுமன்றம் கொதித்தது. அந்தச் சண்டை மகன் சார்ல்ஸ் காலம் வரைக்கும் நீண்டது. 1641ல்தான் நாடாளுமன்றத்தின் சம்மதமில்லாத சுங்கவரி சட்டவிரோதம் என்று முடிவாயிற்று. அடுத்த வருசம் உள்நாட்டுப் போர். ஒரு வத்தலுக்காக மன்னரின் தலை போனது என்று சொன்னால் அது மிகை. ஆனால் வரி போடும் அதிகாரம் யாருடையது என்ற கேள்வி நீதிமன்றம் ஏறிய முக்கியமான வழக்குகளில் ஒன்று நம்மட கேக்கில் கிடக்கிற கரண்டால் வந்தது. சட்டம் படிக்கிற நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள், பேட் வழக்கைப் படித்திருப்பார்கள். சரக்கு என்ன என்பது மறந்திருக்கும்.

1893: ஒரே பயிரை நம்பிய நாடு

அடுத்த கதை கிரேக்கத்தில். 1830ல் சுதந்திர நாடாகிய கிரேக்கத்துக்கு வெளிநாட்டுப் பணம் வருவதற்கு ஒரு பெரிய வழிதான் இருந்தது: கரண்ட். அந்த நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்குக் கிட்ட, சில வருசங்களில் அதற்கும் மேல், இந்த வத்தலிலிருந்து வந்தது. பற்றாஸ் துறைமுகம் அதால் வளர்ந்த நகரம்.

1860களில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் பிலொக்செரா என்ற வேர்ப்பூச்சி இறங்கியது. கொடிகள் லட்சக்கணக்கில் செத்தன. வைன் வடிக்கத் திராட்சையில்லாத பிரெஞ்சுக்காரர் கிரேக்கக் கரண்டை வாங்கி ஊறவைத்து வைன் செய்யத் தொடங்கினார்கள். விலை ஏறிற்று. பெலொப்பனீசில் விவசாயிகள் பரம்பரையாக நின்ற ஒலிவ் மரங்களை வெட்டிவிட்டுக் கரண்ட் நட்டார்கள், கடன் வாங்கியும் நட்டார்கள். அரசும் கடன் வாங்கியது. பிரதமர் திரிக்கூப்பிஸ் றெயில் பாதையும் கொரிந்துக் கால்வாயும் கட்டினார்.

இடையில் பிரான்ஸ், பூச்சிக்கு அசையாத அமெரிக்க வேரில் தன் கொடிகளை ஒட்டுக் கட்டி மீண்டது. 1892ல் பிரான்சின் புதிய பாதுகாப்புத் தீர்வைகள் வந்தன. கரண்ட் வாங்க ஆளில்லை. விலை இடிந்து விழுந்தது. 1893 டிசம்பரில் கிரேக்கம் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. கொரிந்துக் கால்வாய் திறந்ததும் அதே 1893லேயே. திறந்த பிறகும் எதிர்பார்த்த அளவு கப்பல் வரவில்லை. ஒடுக்கமான கால்வாய், அடிக்கடி மண்சரிவு. 2013ல் திறந்து, வாயில் மணல் அடைத்துக் கிடக்கும் ஒலுவில் துறைமுகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் மேலே விளக்கத் தேவையில்லை.

1898ல் கடன் கொடுத்த வல்லரசுகள் ஏதென்சில் ஒரு சர்வதேச நிதிக் கட்டுப்பாட்டு ஆணைக்குழுவை வைத்தன. உப்பு, மண்ணெண்ணெய், நெருப்புக்குச்சி விற்பனையில் அரசுக்கு வரும் பணம் நேராக அங்கே போனது. கரண்ட் தோட்டத்துப் பிள்ளைகள் கப்பலேறினார்கள். 1890களிலிருந்து முதலாம் உலகப் போர் வரைக்கும் லட்சக்கணக்கான கிரேக்கர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள், அவர்களில் பெரும்பங்கு பெலொப்பனீசிலிருந்து.

இதே காலத்தில் இலங்கையில் என்ன நடந்தது? 1869ல் கோப்பி இலையில் ஒரு துரு நோய் தெரிந்தது. 1880களில் கோப்பித் தோட்டம் படுத்துவிட்டது. 1884ல் ஓரியண்டல் பாங்க் மூடப்பட்டது. பிரான்சில் பூச்சி, இலங்கையில் பூஞ்சணம், கிரேக்கத்தில் சந்தை. மூன்று இடத்திலும் பாடம் ஒன்றுதான்: ஒரே பயிரை நம்பினால், அந்தப் பயிரின் நோயும் விலையும் நாட்டின் தலைவிதி ஆகிவிடும்.

2022 ஏப்ரல் 12ல் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தபோது, நாங்கள் எரிவாயு வரிசையில் நின்றோம். அந்த ஒரு வருசத்தில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலைக்காக வெளிநாட்டுக்குப் போனார்கள். நம்மட கரையில் ஒரு வீட்டையாவது தொடாமல் அந்தக் கணக்கு போகவில்லை. 1893க்குப் பிறகு பற்றாஸ் துறைமுகத்தில் கப்பலுக்கு நின்ற பொடியன்களும், கட்டுநாயக்காவில் பெட்டியோடு நின்ற நம்மட காக்காமாரும் ஒருத்தரையொருத்தர் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கனக்கப் பேசியிருப்பார்கள்.

1927: மன்னரின் புடிங்கில் நம்மட கறுவா

முதலாம் உலகப் போருக்குப் பிறகு அவுஸ்திரேலியா, போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு மறே ஆற்றங்கரையில் காணி கொடுத்துத் திராட்சை நடவைத்தது. மில்தூரா பகுதியில் 1887லேயே சஃபி சகோதரர்கள் நீர்ப்பாசனம் தொடங்கியிருந்தார்கள். சிப்பாய்களும் சேர, கரண்டும் சுல்தானாவும் மலைபோலக் குவிந்தன. யாரிடம் விற்பது?

1926ல் லண்டனில் பேரரசுச் சந்தைப்படுத்தல் சபை தொடங்கியது. பேரரசுக்குள் விளைந்ததையே வாங்குங்கள் என்று சுவரொட்டி ஒட்டுவது அதன் வேலை. 1927ல் அரச சமையல்காரரிடமிருந்து பெற்ற நத்தார்ப் புடிங் குறிப்பை அது ஊரெல்லாம் பரப்பியது. குறிப்பில் ஒவ்வொரு சாமானுக்கும் பக்கத்தில் ஒரு நாட்டின் பெயர். கரண்ட் அவுஸ்திரேலியாவிலிருந்து, கராம்பு சன்சிபாரிலிருந்து, கறுவா இலங்கையிலிருந்து. ஒரு பாத்திரத்துக்குள் முழுப் பேரரசையும் போட்டுக் கிண்டினார்கள். அந்தப் புடிங்கில் நம்மட கறுவா இருந்தது, கறுவா உரித்தவனின் பெயர் இல்லை.

அந்தப் புடிங் இலங்கையில் வேறு விதமாக இறங்கியது. பறங்கியர் வீட்டில் நத்தார்க் காலையில் ப்ரூடர் என்ற உலர்திராட்சை போட்ட பணிஸ் வகை. நத்தார்க் கேக்கில் கோதுமை மாவுக்குப் பதில் ரவையும், கஜுவும், பூசணித் தோசியும் புகுந்தன. முஸ்லிம் வீடுகளில் பிராண்டியை விட்டுவிட்டுத் தோடம்பழச் சாற்றிலோ தேயிலைச் சாயத்திலோ பிளம்ஸை ஊறவைத்தார்கள். தமிழ் வீட்டில் தைப்பொங்கல் பானையில் கஜுவோடு பிளம்ஸ் விழுந்தது. பெரியநீலாவணை மாதிரி இரண்டு சமூகமும் பக்கத்துப் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற ஊரில், தைப்பொங்கலுக்கும் இரண்டு பெருநாளுக்கும் ஒரே கடையில், ஒரே சாக்கிலிருந்து பிளம்ஸ் நிறுக்கப்படுகிறது. நம்மைப் பிரித்த வருசங்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஒரே சாக்கைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும்.

குசினி அறிவும் ஒரு வரலாறுதான்

பார்த்து வாங்குவது, பக்குவமாகப் போடுவது, பழுதாகாமல் வைப்பது. இந்த மூன்றும் நம்மட உம்மாமாரும் மூத்தம்மாமாரும் எழுதாமல் வைத்திருக்கிற அறிவு. எழுதாததால் அது அறிவில்லை என்று ஆகிவிடாது. முதலாம் நூற்றாண்டில் கொலுமெல்லா என்ற ரோமர், சாம்பல் காரநீரில் எண்ணெய் சேர்த்துக் கொதிக்கவைத்து, திராட்சைக் குலையை அதில் முக்கியெடுத்துக் காயவைக்கும் முறையை எழுதி வைத்தார். தோலிலுள்ள மெழுகு விட்டுப்போய்ச் சீக்கிரம் காயும். சுல்தானா காயவைக்கிறவர்கள் இன்றைக்கும் ஏறத்தாழ அதையே செய்கிறார்கள். நம்மட ஆக்களுக்கு எழுத ஒரு கொலுமெல்லா இல்லாமல் போனதுதான் வித்தியாசம்.

வாங்கும்போது: பொதியைக் குலுக்கிப் பாருங்கள். தனித்தனியாக உதிர வேண்டும். ஒரே கட்டியாக இருந்தால் ஈரம் பட்டது, அல்லது பழசு. அமர்த்தினால் மெத்தென்று இருக்க வேண்டும், கல் மாதிரி இருக்கக்கூடாது, கையில் பிசினும் ஒட்டக்கூடாது. மேலே வெள்ளையாகப் பொடிப் பொடியாகத் தெரிந்தால் உடனே பூஞ்சணம் என்று எறிந்துவிட வேண்டாம். பழத்தின் சீனி வெளியே வந்து உறைந்திருக்கலாம், வெந்நீரில் போட்டால் கரைந்துபோகும். பஞ்சு மாதிரிப் படர்ந்து, மூக்குக்குப் புளித்த வாடையும் வந்தால் அதுதான் பூஞ்சணம். மினுங்குகிற பொன்னிறத் திராட்சைக்குப் பெரும்பாலும் கந்தகப் புகை காட்டியிருப்பார்கள். வீட்டில் ஈளை வருத்தக்காரர் இருந்தால் கறுப்பு வகைதான் நல்லது.

போடும்போது: இளஞ்சூட்டு வெந்நீரில் ஒரு தரம் அலசி, காம்பு பார்த்து, துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். நெய்ச்சோற்றுக்கு நெய்யை மிதமாகச் சூடாக்கி, முதலில் கஜு, அது பொன்னிறமானதும் எடுத்துவிட்டு, கடைசியாகப் பிளம்ஸ். பலூன் மாதிரி ஊதியதும் எடுத்துவிட வேண்டும். ஒரு நிமிசம் பிந்தினால் கசக்கும். கேக்குக்கு என்றால் முதல் நாளே ஊறவைத்து, வடித்து, கொஞ்சம் மாவில் புரட்டிப் போட வேண்டும். மாவுக் கலவை தண்ணீராக இருந்தால் எவ்வளவு புரட்டினாலும் அடியில்தான் போய் நிற்கும்.

வைக்கும்போது: நம்மட கரையில் எதிரி காற்றுத்தான். உப்புக் காற்று, மாரி மாதங்களில் ஈரம், பிறகு எறும்பு. பொலித்தீன் பையில் முடிச்சுப் போட்டு வைத்தால் இரண்டு கிழமையில் பிசுபிசுக்கும். நன்றாகக் காயவைத்த கண்ணாடிப் போத்தல், இறுக்கமான மூடி, ஈரக்கை படாத கரண்டி. குளிர்ப்பெட்டி இருந்தால் அதற்குள் மாதக்கணக்கில் இருக்கும். கழுவினதைத் திரும்பப் போத்தலுக்குள் போடக்கூடாது.

ஒரு கிலோ வத்தலுக்குக் கிட்டத்தட்ட 4 கிலோ பச்சைத் திராட்சை வேண்டும். மிச்சம் மூன்று கிலோ தண்ணீரை வெயில் குடித்துவிடுகிறது. காய்கிற நாளில் ஒரு மழை பெய்தால் முழு விளைச்சலும் போய்விடும் என்று கிரேக்க விவசாயி பயந்தான். நெல்லைக் காயப்போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிறவனுக்கும், கருவாட்டுப் பாயை அள்ளிக்கொண்டு ஓடுகிறவளுக்கும் அந்தப் பயத்தை மொழிபெயர்க்கத் தேவையில்லை.

அத்தியாவசியமற்ற பொருள்

1970க்கும் 1977க்கும் இடையில் அரசு இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. உள்ளூர் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அது நல்ல காலம். பாண் வரிசையில் நின்றவர்களுக்கு நல்ல காலமல்ல. அந்த வருசங்களில் கல்யாணச் சோற்றுக்குப் பிளம்ஸுக்குப் பதிலாகத் தேங்காய்ச் சொட்டை நெய்யில் பொரித்துப் போட்டதாக மூத்தம்மா சொல்வார். அது குறையாகத் தெரியவில்லையாம். எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்பதால்.

2020 ஏப்ரலில் திரும்பவும் கட்டுப்பாடு வந்தது. 2022 மார்ச்சில் 367 வகைப் பொருள்களை அத்தியாவசியமற்றவை என்று வகுத்து, இறக்குமதிக்கு அனுமதிப்பத்திரம் கேட்டார்கள். டொலர் இல்லாத நாடு எதையாவது நிறுத்தத்தான் வேண்டும். மருந்தா பழமா என்று கேட்டால் நானும் மருந்து என்றுதான் சொல்வேன். அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை வேறு இடத்தில். 2007ஆம் ஆண்டு 48ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டப்படி, நிதியமைச்சர் ஒரு வர்த்தமானியால் ஒரே இரவில் உணவுப் பொருளின் வரியைக் கூட்டலாம், குறைக்கலாம். நாடாளுமன்றம் பிறகுதான் பார்க்கும். 2020 ஒக்டோபரில் சீனியின் வரி கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. கடையில் சீனி அந்த அளவுக்கு மலியவில்லை. அரசுக்கு வர வேண்டிய பணம் போயிற்று, சாப்பிடுகிறவனுக்கும் வரவில்லை. ஜோன் பேட் 5 சிலிங் கட்ட மறுத்து 400 வருசத்துக்கு மேலாகிறது. அவர் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது: யாருடைய சம்மதத்தோடு?

வரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டுப்பாடே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எது அத்தியாவசியம் என்று பட்டியல் போடும் மேசையில், பானை வைக்கிற ஒருத்தியாவது இருக்க வேண்டும். மதீனாவில் ஏழையின் பெருநாளை நினைத்து அந்தப் பட்டியலைப் போட்டார்கள், ஊருக்கேற்ப அது அரிசியாகவும் மாறிற்று. 1606ல் கஜானாவை நினைத்துப் போட்டார்கள். கிரேக்கத்தில் ஏற்றுமதியை நினைத்துப் போட்டு, ஒலிவ் மரத்தை வெட்டினார்கள். கொழும்பில் எதை நினைத்துப் போடுகிறார்கள் என்று கேட்கிற உரிமை, கடையில் நூறு கிராமை ஐம்பது கிராமாகக் குறைத்து வாங்கின ஒவ்வொருவருக்கும் உண்டு.

இப்போது பிளம்ஸ் திரும்பவும் கடையில் கிடைக்கிறது. விலைதான் பழைய விலை இல்லை. அடுத்த பெருநாளுக்கு வாங்கும்போது பொதியைக் குலுக்கிப் பாருங்கள், கட்டி பிடித்திருக்கிறதா என்று. அப்படியே பின்பக்கத்தையும் திருப்பி, எந்த நாட்டிலிருந்து வந்தது என்றும் ஒரு தரம் வாசியுங்கள்.